தனசிங் சாரின் ஒன்பது வருடப் பத்தியம்

ஆல்வினின் ஈரலைத் தின்றது பரோட்டாதான் என்று சபையில் பேச்சாகிவிட்டது. சுகுமாருக்கு அதை அவருடைய மச்சினன் சொன்னான். மச்சினனுக்கு ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். அந்தப் பக்கத்து சீட்டுக்காரரோ கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெரிய டாக்டர் தன் வாயாலேயே சொல்லக் கேட்டாராம். மைதா உள்ளே போய் ஒட்டிக்கொள்ளுமாம். அதன் மேல் சால்னா எண்ணெயும் குவார்ட்டரும் இறங்கினால் ஐந்தே வருடத்தில் ஈரலில் கட்டி வைத்துவிடுமாம்.

“பெரிய டாக்டர்னா யாரு? பேரு?” என்று யாரோ கேட்டார்கள்.

“பேரு கேக்கலை. ஆனா பெரிய டாக்டர்,” என்றார் சுகுமார்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து, ஆலயத்துக்குப் பின்னால் இருந்த ஸ்கூட்டர் ஷெட்டில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆல்வினை அடக்கம் செய்து அன்றைக்கு இருபத்திரண்டு நாள். சபைச் செயலாளர் சுகுமாருக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது. ஆல்வினின் அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறாரே என்று பார்க்கவும் வராது.

“தனசிங் சாரையே எடுத்துக்கங்க. ஒரே தாய் வயித்துல பொறந்த ரெண்டு பேரு. தம்பி பரோட்டா, அண்ணன் பத்தியம். தம்பி போய்ச் சேந்துட்டாரு. அண்ணன் பாருங்க, கல்லு மாதிரி நிக்கிறாரு. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்? என்ன சார், நான் சொல்றது?”

எல்லோரும் தனசிங்கைப் பார்த்தார்கள். அவர் கையில் சர்க்கரை போடாத டீ.

“ம்... சாப்பாட்டுல கவனமாத்தான் இருக்கணும்,” என்றார்.

அது பொய் இல்லை. ஒன்பது வருடமாகச் சாப்பாட்டைப் பற்றி அவர் சொல்லிவந்த எதுவுமே பெரிய பொய் இல்லை. அதை நினைத்தால்தான் அவருக்கு உடம்பு கூசியது.

தனசிங்கிற்கு ஐம்பத்தேழு வயது. தாம்பரத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் கணக்கு வாத்தியார். சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிச் சொந்த வீடு. அவரும் மனைவி ஹெப்சியும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. சபையில் வீட்டு ஜெபங்களை அவர்தான் நடத்துவார். யார் வீட்டிலாவது புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளவில்லை, பையன் சகவாசம் சரியில்லை என்றால், “தனசிங் சாரைக் கூப்பிடுங்க, வந்து ஒரு ஜெபம் பண்ணட்டும்” என்பார்கள். அவர் போய் எதிரே உட்கார்ந்தால் எப்படிப்பட்டவரும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று ஒரு பெயர்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் சபை நாளையொட்டி ரத்ததான முகாம் வைத்தார்கள். கமிட்டி உறுப்பினர்கள் முன்மாதிரியாக முதலில் படுக்க வேண்டும் என்று போதகர் பிரசங்கப் பீடத்திலிருந்தே சொல்லிவிட்டார். தனசிங்கிற்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் பயம். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் யாருக்கும் ரத்தம் கொடுத்ததில்லை. அவரும் கமிட்டியில் இருந்ததால் அன்று தப்ப வழியில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. நேரில் வாருங்கள் என்றார்கள்.

ஒரு சின்ன அறை. சத்தம் போடும் ஃபேன். எதிரே, அவரிடம் படித்த பிள்ளைகளின் வயதில் ஒரு பெண்.

“பயப்படாதீங்க சார். உங்க ரத்தத்துல ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கு. மஞ்சள் காமாலை வைரஸ்ல ஒரு வகை.”

“எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லியேம்மா.”

“வெளிய தெரியாது சார். நிறைய பேருக்குப் பொறக்கும்போதே அம்மாகிட்டேர்ந்து வந்துடும். முப்பது நாப்பது வருஷம் சத்தமே காட்டாது. அப்புறம் சிலருக்கு ஈரல் சுருங்கும், சிலருக்கு கேன்சர்ல கொண்டுபோய் விடும். ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஸ்கேன் பாத்துக்கிட்டா சமாளிச்சுடலாம். மது மட்டும் கூடவே கூடாது. உங்க கூடப்பிறந்தவங்க, வீட்டம்மா எல்லாருக்கும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. இல்லாதவங்களுக்குத் தடுப்பூசி இருக்கு. இருக்கிறவங்களுக்குத் தேவைப்பட்டா மாத்திரை இருக்கு. சொல்லிடுவீங்கள்ல?”

“சொல்லிடுறேம்மா.”

அந்தப் பெண் தமிழில் அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்தாள். எப்படிப் பரவும் என்று அதில் ஒரு பத்தி இருந்தது. பிரசவத்தில் தாயிடமிருந்து, ஊசி வழியாக, ரத்தம் வழியாக, உடலுறவு வழியாக. அந்தக் கடைசிச் சொல்லைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் ஏறவில்லை. ஹெப்சியைத் தவிர அவர் எவளையும் தொட்டதில்லை. ஆனால் அதை யார் நம்புவார்கள்? “நான் ஒண்ணும் பண்ணலை சார்” என்று எத்தனை பேர் வீட்டு ஜெபத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்! அப்போது அவர் தலையை ஆட்டிக்கொண்டே அவர்களை ஒரு பார்வை பார்ப்பார். நம்புகிற மாதிரி இருக்கும், நம்பியிருக்காது. அந்தப் பார்வையால் சபை முழுவதும் தன்னைப் பார்ப்பதை நினைத்துப் பார்த்தார். திரும்பி வரும்போது ரயிலில் கதவோரமாகவே நின்றுகொண்டார்.

தனசிங்கின் அம்மா ஐம்பத்தோரு வயதில் வயிறு வீங்கிச் செத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருந்து ஈரலைக் கெடுத்துக்கொண்டாள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். அம்மா, தான், தம்பி ஆல்வின், தங்கை யூனிஸ். கணக்கு வாத்தியாருக்கு அது ஒன்றும் கஷ்டமான கணக்கு இல்லை. தாம்பரத்தில் ரயில் நிற்பதற்குள் போட்டு முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தாளை நாலாக மடித்து, பழைய மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் வைத்து பீரோவில் பூட்டினார். நாளைக்குச் சொல்லலாம். யூனிஸ் மகள் பரீட்சை முடியட்டும். கிறிஸ்துமஸ் போகட்டும். ஆல்வின் தெளிவாக இருக்கும்போது பார்த்துச் சொல்லலாம்.

சொல்வதற்குப் பதிலாகப் பத்தியம் பிடித்தார்.

காலை நாலரைக்கு எழுந்து ஏரியைச் சுற்றி நடப்பார். வரும் வழியில் கீழாநெல்லி பறித்து வந்து அரைத்து மோரில் கலக்கிக் குடிப்பார். எண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை, கறி இல்லை. கிறிஸ்துமஸ் அன்று தெருவே பிரியாணி மணக்க, அவர் மட்டும் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிந்தவர் யாரும் வராத பல்லாவரம் பக்கம் போய் ஸ்கேனும் ரத்தமும் பார்த்துக்கொள்வார். எல்லாம் சரியாகவே வந்தது. பத்தியத்தால்தான் என்று அவர் சொன்னபோது அங்கிருந்த டாக்டர் சிரித்தார். “குடிக்கிறதில்ல, எடை போடலை, நடக்குறீங்க. ரொம்ப நல்லது, ஈரலுக்குச் சுமை குறையும். கீழாநெல்லி வைரஸை விரட்டும்னு நிரூபணம் ஒண்ணும் கிடையாது சார். அது உள்ள அப்படியேதான் உக்காந்திருக்கு. ஃபேமிலிக்கு டெஸ்ட் பண்ணிட்டீங்கள்ல?” “ஆச்சு டாக்டர்,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. “பத்தியக்காரன் தட்டுல எண்ணெய் ஒட்டக்கூடாது” என்று ஹெப்சியிடம் சொன்னார். விடியுமுன் எழுந்தால் உனக்குத் தொந்தரவு என்று கட்டிலையும் முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். நற்கருணை அன்று பீடத்தின் கம்பியோரம் முழங்கால் போட வரிசை வரிசையாகப் போவார்கள். எல்லோருக்கும் ஒரே திராட்சரசப் பாத்திரம். தனசிங் எல்லாரையும் முன்னால் விட்டுக் கடைசி வரிசையில் கடைசி ஆளாகப் போவார், தன் வாய் வைத்த பாத்திரத்தில் இன்னொருத்தர் வாய் வைக்கக் கூடாதென்று. “கமிட்டி மெம்பர், ஆனா பாருங்க, எப்பவும் கடைசியாத்தான் வருவாரு. என்ன தாழ்மை!” என்று பெண்கள் பக்கம் பேசிக்கொண்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வந்தபோது அவருக்கு இருந்த நிம்மதி ஊரில் யாருக்கும் இருந்திருக்காது. முகாம் நடக்கும் வருடங்களில் ஜூஸ், பிஸ்கட் மேசையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வார். அந்த மேசையில் இருப்பவரை யாரும் படுக்கச் சொல்வதில்லை.

எண்பது கிலோ இருந்தவர் அறுபத்தாறுக்கு வந்தார். எடை குறைக்க ஆட்கள் அவரிடம் வழி கேட்க ஆரம்பித்தார்கள். போன வருடம் சபையின் ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசவே வைத்துவிட்டார்கள். ஈரலைப் பேணுவது எப்படி என்று பேசினார். கொழுப்பு, சர்க்கரை, மது, புகை. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் ஈரலுக்கு ஆகாத நஞ்சு இருக்கிறது, கசந்தால் துப்பிவிடுங்கள் என்றுகூடச் சொன்னார். கைதட்டினார்கள். வைரஸ் என்ற சொல் அந்த அரைமணியில் ஒருதரம்கூட வரவில்லை.

பின்வரிசையில் ஆல்வின் உட்கார்ந்திருந்தான். விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டுகிறவன். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டவன். பெருங்களத்தூரில் ஒற்றை அறை, மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, வண்டி நிறுத்திய பிறகு ஒரு குவார்ட்டர். கூட்டம் முடிந்து அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

“அண்ணா, பேச்சு சூப்பர். நீ வேணாம்னு சொன்னதுல பாதி நம்ம டேஷ்போர்டுல கீது.” திறந்து ஒரு மசாலாக் கடலைப் பொட்டலத்தை நீட்டினான். “இந்தா, மோந்து பாரு. பூஞ்ச வாசன வருதா?”

தனசிங் உண்மையாகவே மோந்து பார்த்தார். “இல்லடா.”

“அப்ப ஓகே.” நாலு கடலையை வாயில் போட்டுக்கொண்டான்.

“ஆல்வின், குடிய விட்டுடுடா.”

“ஊரே குடிக்கிது அண்ணா. எனக்கு மட்டும் இன்னா, ஸ்பெஷலா ஈரல்ல எழுதி வச்சிருக்கா?”

வண்டியில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கண்ணாடி ஏற்றியிருந்தது. பெருங்களத்தூர் சிக்னலில் பண்டிகைக் கூட்டம். ஊருக்குப் போகிறவர்கள் பைகளோடு சாலை முழுக்க நின்றார்கள். இருபது நிமிடம் வண்டி நகரவே இல்லை. ஆமாடா, எழுதித்தான் வச்சிருக்கு என்று சொல்ல அந்த இருபது நிமிடமும் தாராளமாகப் போதும். தனசிங் ஜன்னல் பக்கம் திரும்பி, “என்னா கூட்டம் பாரு” என்றார்.

பிப்ரவரியில் ஆல்வின் வயிறு வீங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே இருந்தது தனசிங்தான். டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“பி வைரஸ் பாசிட்டிவ். சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கணும். அது மேல குடி, அது மேல சர்க்கரை, எடை. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கைகொடுத்திருக்கு. உங்க தம்பிக்கு வைரஸ் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, குடிய நிறுத்தச் சொல்லியிருக்கலாம், மாத்திரை குடுத்திருக்கலாம், ஸ்கேன்ல கட்டி கடலை அளவு இருக்கும்போதே பிடிச்சிருக்கலாம். இப்ப லேட். வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?”

“தெரியலை டாக்டர்.”

தெரியலை என்று தன் வாய் சொன்னதைத் தனசிங் கேட்டார். “எல்லாரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க” என்றார் டாக்டர். “சரிங்க டாக்டர்” என்றார். வெளியே பெஞ்சில் காத்திருந்த யூனிசிடம், “ஈரல்ல கட்டியாம். குடியால” என்று மட்டும் சொன்னார்.

கடைசி வாரத்தில் ஒருநாள் ஆல்வின் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணே மஞ்சளாகியிருந்தது. “நானேதான் கெடுத்துக்கிட்டேன் அண்ணா. உன் பேச்சக் கேட்டிருக்கணும்.” தனசிங் அந்தக் கையைத் தடவிக்கொடுத்தார். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. ஆல்வின் அப்படி நினைத்துக்கொண்டேதான் செத்தான். இப்போது சபையும் அப்படியே நினைக்கிறது, பரோட்டாவோடு சேர்த்து.

அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது யூனிஸ் வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவள் இல்லை. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். ஹெப்சி தட்டைக் கொண்டுவந்தபோது, “வேணாம் அண்ணி, எறங்காது” என்றாள்.

“என்னம்மா?” என்றார் தனசிங்.

“ஜாஸ்மினுக்கு வளைகாப்பு இல்லைன்னுட்டாங்க அண்ணா.”

ஜாஸ்மின் யூனிசின் ஒரே மகள். குன்றத்தூரில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருடம். ஆறு மாத கர்ப்பம். அடுத்த மாதம் வளையல் போட மண்டபம்கூடப் பார்த்திருந்தார்கள்.

“ஏன்? உடம்புக்கு ஏதாவது...?”

“ரத்த டெஸ்ட்ல வைரஸ்னு வந்திருக்கு. ஈரல்ல இருக்கிற வைரஸாம், ஏதோ பி-ன்னு சொல்றாங்க. மாப்பிள்ளைக்கும் எடுத்துப் பாத்தாங்க. அவருக்கு இல்ல.” அவள் குரல் தணிந்தது. “அப்ப இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு சம்பந்தியம்மா கேக்கிறாங்க அண்ணா. பெங்களூர்ல மூணு வருஷம் ஹாஸ்டல்ல தனியா இருந்தாள்ல, அத எடுத்து வச்சுப் பேசுறாங்க. ‘நாங்க விசாரிக்காம கட்டிட்டோம்’னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்றாங்க. மாப்பிள்ளை ஜெர்சனும் வாயே தெறக்கலை. தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு.”

ஹெப்சி கேட்டாள்: “குழந்தைக்கு?”

“குழந்தைக்குப் பொறந்த உடனே ஊசி போட்டுட்டா பெரும்பாலும் ஒண்ணும் வராதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க அண்ணி. அவளுக்கும் மாத்திரை குடுக்கிறாங்களாம். அது இல்ல இப்ப. பேரு போச்சே! இதுல என்னையும் டெஸ்ட் எடுத்துக்கச் சொல்றாங்களாம். நான் எதுக்கு எடுக்கணும்? நான் என்ன தப்புப் பண்ணேன்?”

தனசிங் வாயைத் திறந்தார். “யூனிஸ்...” என்றார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“நானே கேட்டுட்டேன் அண்ணா. பெத்தவ நானே கேட்டுட்டேன். ‘யாருடி அவன், இப்பவாவது சொல்லிடு’ன்னு. ஒரு பார்வை பாத்தா. ஒண்ணும் பேசலை. அன்னிலேர்ந்து என் போன எடுக்கிறதில்லை. நீங்க வரணும். நீங்க எதிர்ல உக்காந்து ஒரு ஜெபம் பண்ணா அவ வாயத் தெறப்பா. நடந்தத ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுட்டா அவங்களும் மன்னிச்சு ஏத்துப்பாங்க. நல்ல குடும்பம் அண்ணா. புதன்கிழமை வர்றீங்களா?”

“வர்றேன்,” என்றார் தனசிங்.

“இப்பவே ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்கண்ணா. எனக்கு நெஞ்சு படபடங்குது.”

அவர் எழுந்து நின்றார். தங்கையின் தலைமேல் கையை வைத்தார். ஜெபம் அவருக்கு எப்போதும் தடையில்லாமல் வரும், அன்றும் வந்தது. குடும்பத்தின் சமாதானத்துக்காகக் கேட்டார், வயிற்றில் இருக்கும் சிசுவுக்காகக் கேட்டார். அப்புறம், எத்தனையோ வீடுகளில் சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்துபோன சொற்கள் தானாகவே வெளியே வந்தன: “வழி தப்பிப்போன இந்தப் பிள்ளையின் இருதயத்தைத் திறந்தருளும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நிறுத்த முடியவில்லை. ஆமென் வரைக்கும் போனார். யூனிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இப்பத்தான் கொஞ்சம் ஆறுதலா இருக்கு” என்றாள். ஷேர் ஆட்டோ பிடிக்க ஹெப்சி தெருமுனை வரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்தாள்.

ஹெப்சி திரும்பி வந்தபோது பீரோ திறந்து கிடந்தது. தனசிங் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாலாக மடித்த தாள். அதன்மேல் அவருடைய ஒன்பது வருட ரிப்போர்ட்டுகளும் ஆல்வினின் ஃபைலும்.

“படி,” என்றார்.

ஹெப்சி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்று படித்தாள். தாளை முதலில் படித்தாள். பிறகு ரிப்போர்ட்டில் பெயரைப் பார்த்தாள். மறுபடி தாளுக்கு வந்தாள்.

“எத்தனை வருஷமா?”

“ஒம்போது.”

“ஆல்வினுக்கு?”

“அவனுக்கும் இதுதான். அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கணும். யூனிசுக்கும் இருக்கும். அவகிட்டேர்ந்துதான் ஜாஸ்மினுக்கு.”

ஹெப்சி ரிப்போர்ட்டுகளைக் கட்டிலில் வைத்தாள். பிறகு கேட்டாள்: “தட்டத் தனியா வச்சுக்கிட்டது இதுக்குத்தானா?”

“ஆமா.”

“கட்டில மாத்திப் போட்டது?”

“ஆமா. உனக்கு வந்துடக் கூடாதுன்னு...”

“தட்டால வராது, டம்ளரால வராது, தொட்டா வராதுன்னு இந்தத் தாள்லயே போட்டிருக்கே.” அவள் விரலை அந்த வரியில் வைத்தாள். “கூடப் படுக்கிறவங்களுக்குத் தடுப்பூசி இருக்குன்னும் போட்டிருக்கே. நீங்க படிச்சவருதானே?”

அந்த வரிகளை அவர் நூறு தரம் பார்த்திருக்கிறார். ஆனால் அவற்றுக்கு மேலே இருந்த, உடலுறவு என்ற அந்த ஒரு சொல் கண்ணை மறைத்துவிடும்.

“எனக்குக் கர்ப்பப்பை எடுத்த வருஷம் அது,” என்றாள் ஹெப்சி. “ஞாபகம் இருக்கா? ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது மாசம் கட்டில முன்ரூமுக்குக் கொண்டுபோனீங்க. இனிமே நான் எதுக்கும் ஆகாதவன்னு ஒதுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லலை. எங்க அக்காகிட்டகூடச் சொல்லலை. சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு.”

தனசிங் தலையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். மற்ற வெட்கத்தையெல்லாம் அவர் ஒன்பது வருடம் சுமந்து பழகியவர். இது இத்தனை நாளாகப் பக்கத்து அறையில் இன்னொருத்தி சுமந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரியவே தெரியாது.

“ஹெப்சி, நான் வந்து...”

“எனக்கு அப்புறம் சொல்லுங்க. எனக்கும் டெஸ்ட் எடுக்கணும், எடுத்துக்கலாம். என்கிட்ட மன்னிப்புக் கேக்க ஆரம்பிச்சீங்கன்னா அதுலயே ராத்திரி ஆயிடும். போன எடுங்க.”

“புதன்கிழமை நேர்ல போறேன்ல. நேர்லயே சொல்லிடுறேன். யூனிசையும் வச்சுக்கிட்டு...”

“புதன்கிழமையா?” ஹெப்சி கண்ணாடியைக் கழற்றினாள். “மூணு நாளு அந்தப் பொண்ணு அந்த வீட்டுல எப்படி உக்காந்திருப்பான்னு நெனச்சுப் பாத்தீங்களா? மாமா வந்து ஜெபம் பண்ணப் போறாருன்னு வேற இந்நேரம் யூனிஸ் மெசேஜ் போட்டிருப்பா. வழி தப்பிப்போன பிள்ளைன்னு என் காதால கேட்டேனே. எப்படிங்க வந்துச்சு அந்த வார்த்தை?”

“வாய்ல வந்துடுச்சு.”

“இப்ப இதையும் வாய்ல வரவைங்க.”

அவர் போனை எடுத்து யூனிஸ் பெயரைத் தேடினார்.

“யூனிசுக்கு இல்ல,” என்றாள் ஹெப்சி. “ஜாஸ்மினுக்குப் போடுங்க. அவளத்தான் எல்லாரும் நிக்க வச்சுக் கேட்டாங்க. அவளுக்குத்தான் முதல்ல தெரியணும்.”

ஜாஸ்மின் எண் இருந்தது. கிறிஸ்துமஸ், பிறந்தநாள் தவிர அவர் அதற்குப் போட்டதில்லை. அழுத்தினார். ஹெப்சி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுக் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அழைப்பை ஏற்கவில்லை என்று ஒரு பெண்குரல் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னது.

“எடுக்க மாட்டா,” என்றார். குரலில் நிம்மதி போல ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. அது ஹெப்சிக்கும் கேட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

“எடுக்க மாட்டாதான். ஜெபம் பண்ணக் கூப்பிடுறீங்கன்னு நெனப்பா. எடுக்கிற வரைக்கும் போடுங்க.”

“மெசேஜா எழுதிடவா? வாட்ஸாப்ல அந்த ரிப்போர்ட்டையே போட்டோ எடுத்து...”

“எழுதுங்க. ஆனா அப்புறம். முதல்ல உங்க கொரல்ல சொல்லுங்க. அவ மாமியாரு பக்கத்துல இருந்தா அவங்களும் கேக்கட்டும்.”

இரண்டாவது முறை போட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சேர்த்துப் பார்த்தார். ஜாஸ்மின், மாமா பேசுறேன். ஜெபத்துக்கு இல்லம்மா. நீ ஒண்ணும் பண்ணலை. உனக்கு வந்தது எங்க அம்மாகிட்டேர்ந்து. எனக்கும் இருக்கு. எனக்கு ஒம்போது வருஷமாத் தெரியும். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் சொற்கள் கலைந்துபோயின. மறுபடி முதலிலிருந்து சேர்த்தார். அதற்குள் அந்தப் பெண்குரல் வந்துவிட்டது.

மூன்றாவது முறை அவரே போட்டார். ஹெப்சி சொல்லவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குன்றத்தூரில், இதுவரை இரண்டே தடவை அவர் போயிருக்கிற ஒரு வீட்டில், அவர் பெயர் இப்போது ஒரு திரையில் வந்திருக்கும். மணி அடித்தது. ஐந்து, ஆறு. ஹெப்சி அவரைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு. எட்டு.